வரிசையில் கடைசி ஆள், தோளில் ஏ.கே.

ஆப்பிரிக்க வேட்டை வீடியோ பார்க்கிற, மலேசியாவில் உள்ள நம் சுங்கை சிப்புட் பையன்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான். பச்சை உடுப்பு போட்டு, தோளில் ஏ.கே. மாட்டிக்கொண்டு வரிசையின் கடைசியில் ஒருத்தர் நடந்து வருகிறாரே, யானை பாய்ந்து வரும்போது அவர் ஏன் சுடுவதில்லை? முப்பது தோட்டா இருக்கிறதே, ஒரு இழுப்பில் கொட்டித் தீர்க்கலாமே?

தோட்டத்தில் பன்றி விரட்டப் பன்னிரண்டு போர் செனாபாங் (சிதறுகுண்டுத் துப்பாக்கி) தூக்கிய பெரியவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள். எந்தத் துப்பாக்கி எதற்கு என்பது அவர்களுக்குக் கை பழகிய விஷயம். பையன்களுக்குச் சொல்ல வேண்டியது இது: அந்த ஏ.கே. யானைக்காகக் கொடுக்கப்பட்டதில்லை, மனிதர்களுக்காகக் கொடுக்கப்பட்டது. அதை வேட்டைக் கூட்டத்தின் கூடுதல் துப்பாக்கி என்று நினைத்துக்கொண்டு காட்டுக்குள் போவதுதான் ஆபத்து.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். வரிசையின் கடைசியில் வரும் அவரைக் கேம் ஸ்கவுட் என்பார்கள், அவர் வேட்டைக் கம்பெனியின் ஆள் இல்லை. தான்சானியாவில் அரசாங்கத்தின் வனவிலங்கு அமைப்பு அனுப்பும் ஆள். சாம்பியாவில் வனவிலங்குப் போலீஸ் அதிகாரி. சிம்பாப்வேயில் சில இடங்களில் தேசியப் பூங்கா ரேஞ்சர், கிராமத்து நிலங்களில் 1989இல் தொடங்கிய கேம்ப்ஃபயர் திட்டத்தின் கீழ் மாவட்ட மன்றம் வைத்திருக்கும் ஸ்கவுட். உரிமத்தில் எழுதிய விலங்குதானா, வண்டியில் உட்கார்ந்தபடி சுடுகிறார்களா, காயம்பட்டுத் தப்பிய விலங்கைக் கணக்கில் சேர்த்தார்களா என்று பார்த்துப் பாரத்தில் எழுதுவதுதான் அவர் வேலை. கென்யா 1977இல் வேட்டையையே நிறுத்திவிட்டது. போட்ஸ்வானா 2014இல் நிறுத்தி 2019இல் திரும்பத் திறந்தது. வேட்டை நடக்கிற நாடுகளில் இந்த மேற்பார்வையாளர் இல்லாமல் கூட்டம் கிளம்பாது என்பதே பொதுவான ஏற்பாடு. விருந்தாளியின் உயிருக்குப் பொறுப்பு அவருடையது இல்லை. அது பி.எச். என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் தொழில்முறை வேட்டைக்காரர் தலையில் இருக்கிறது. பாயும் விலங்கை நிறுத்த வேண்டிய துப்பாக்கியும் அவர் கையில்தான் இருக்கிறது.

சட்டமே இதைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறது. சிம்பாப்வேயில் யானை, காட்டெருமை, நீர்யானை சுடுவதற்குக் குண்டின் விட்டம் 9.2 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, குழல் வாயில் அதன் வேகசக்தி 5,300 ஜூலுக்குக் குறையக்கூடாது. சிங்கத்துக்கு 7 மில்லிமீட்டர், 4,300 ஜூல். நமீபியாவில் யானைக்கும் எருமைக்கும் 5,400 ஜூல். இனி ஸ்கவுட் தோளில் தொங்குவதைப் பாருங்கள். ஏ.கே.யின் 7.62×39 குண்டு 8 கிராம், வினாடிக்கு 715 மீட்டர் வேகம், ஏறக்குறைய 2,000 ஜூல். பழைய பிரிட்டிஷ் .303 துப்பாக்கியின் குண்டு சுமார் 3,100. ஃபால் என்ற ராணுவத் துப்பாக்கியின் 7.62×51 சுமார் 3,300. சிங்கத்துக்கான அளவையே இந்த மூன்றில் ஒன்றும் எட்டவில்லை. விருந்தாளி இவற்றில் ஒன்றைக் கொண்டுவந்து எருமை சுடுகிறேன் என்றால், தடுத்து எழுத வேண்டியவரே அந்த ஸ்கவுட்தான்.

“முப்பது தரம் சுட்டால் அறுபதாயிரம் ஜூல் ஆகுமே” என்று ஒரு தம்பி கணக்குச் சொல்லக்கூடும். ஆகாது. குண்டு எவ்வளவு ஆழம் நேராகப் போகிறது என்பதுதான் கேள்வி. யானையின் நெற்றிக்குப் பின்னால் தேன்கூடு மாதிரி அறை அறையான எலும்பு. மூளை அதற்கும் பின்னால், தாழ்வாக இருக்கிறது. அதுவரை திசை மாறாமல் போக, குண்டு தன் விட்டத்துக்குத் தக்க கனமும் நீளமும் உள்ளதாக இருக்க வேண்டும். இதற்கு ஓர் அளவு உண்டு: குண்டின் எடையை விட்டத்தின் வர்க்கத்தால் வகுப்பது. பவுண்டிலும் அங்குலத்திலும் கணக்கிட்டால் 123 கிரெயின் (அதே 8 கிராம்) ஏ.கே. குண்டுக்கு 0.18 வரும். 300 கிரெயின் .375 (அங்குலத்தில் விட்டம்) குண்டுக்கு 0.305. 500 கிரெயின் .458 குண்டுக்கு 0.34. போதாக்குறைக்கு, ஏ.கே.யின் கூர்முனைக் குண்டு மென்மையான பொருளுக்குள் கால் மீட்டர் போல நேராகப் போய் அப்புறம் பக்கவாட்டில் திரும்பும். யானை மண்டையில் அந்தக் கால் மீட்டர் எதற்கும் பற்றாது.

டபிள்யூ.டி.எம். பெல் பெயரை இந்த இடத்தில் யாராவது இழுப்பார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர், பெரும்பாலும் 7×57 போன்ற சின்னத் துப்பாக்கிகளால். உண்மைதான். ஆனால் அவர் போட்டது 173 கிரெயின் எடையுள்ள, மழுங்கிய முனை, முழுக் கவசக் குண்டு. அதற்கு அதே கணக்கைப் போட்டால் 0.306 வருகிறது, .375இன் எண்ணேதான். யானையின் எலும்பமைப்பை அறுத்துப் பார்த்துப் படித்தவர், பதற்றமில்லாத விலங்கைத் தான் தேர்ந்த கோணத்திலிருந்து சுட்டவர். பாய்ந்து வருகிற யானைக்கு முன்னால் ஏ.கே. பிடித்து நிற்பதற்கு அவரைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

அப்புறம் எதற்கு ஏ.கே.? திருட்டு வேட்டைக்காரன் எதிரில் வரும்போது ஐம்பது நூறு மீட்டரில் பல தோட்டா கையில் இருக்க வேண்டும், மண்ணும் தூசியும் புகுந்தாலும் வேலை செய்ய வேண்டும், மேகசின் எங்கும் கிடைக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் ஏ.கே. போதும். இதில் ஒரு தலைகீழ் வேடிக்கையும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் காண்டாமிருகம் சுட வருகிறவர்களிடம் பிடிபடுவது பல தடவை .375, .458 வேட்டைத் துப்பாக்கிகள். காவலுக்குப் போகிறவர் கையில் போர்த் துப்பாக்கி, திருட வருகிறவன் கையில் வேட்டைத் துப்பாக்கி. அவரவர் சுடப்போவது எதை என்று பார்த்தால் இரண்டுமே சரியான தேர்வு.

இன்னொரு காரணம் கிடங்கு. ஸ்கவுட்டுக்கு எது பொருத்தம் என்று ஆய்வு செய்து வாங்கியதைவிட, அரசாங்கத்திடம் எது கிடந்ததோ அதைக் கொடுத்ததே அதிகம். சீனத் தயாரிப்பு ஏ.கே., எஸ்.கே.எஸ். என்ற ராணுவத் துப்பாக்கிகள் இரண்டும் கிழக்கு ஆப்பிரிக்காவில் பரவிக் கிடக்கின்றன. சிம்பாப்வே ரொடீசியாவாக இருந்த காலத்து ஃபால் அங்கேயே தங்கிவிட்டது. பிரிட்டிஷ்காரன் விட்டுப்போன .303 லீ-என்ஃபீல்ட் பல நாடுகளில் இருந்தது. நம் பக்கத்துப் பெருசுகளுக்கு இதில் இரண்டு நன்றாகத் தெரியும். 1948 ஜூனில் நம் சுங்கை சிப்புட் தோட்டங்களில் துரைமார் சுடப்பட்டு எமர்ஜென்சி வந்தபோது தோட்டக் காவலுக்கு நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் தோளில் தொங்கியது .303. பிறகு நம் ராணுவம் வைத்திருந்த எஸ்.எல்.ஆர். இந்த ஃபாலின் அண்ணன் தம்பிதான்.

நல்ல ஏற்பாடு உள்ள இடங்களில் ஸ்கவுட்டுக்கு ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் இழுத்து ஏற்றும் கனத்த போல்ட் துப்பாக்கியும் உண்டு. காலனி ஆட்சிக் காலத்தில் வனவிலங்குத் துறைகள் விரும்பி வாங்கியது .404 ஜெஃப்ரி. 1956இல் .458 வின்செஸ்டர் மேக்னம் வந்த பிறகு அந்த இடத்தை மெல்ல அது பிடித்தது. .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 1912இலிருந்து இருக்கிறது, இன்றும் தோட்டா தேடி அலைய வேண்டாத பெரிய அளவு அதுதான். செக் நாட்டு பெர்னோ இசட்.கே.கே. 602 இந்த அளவுகளில் ஆப்பிரிக்கா முழுக்கப் போன துப்பாக்கி.

ஒவ்வொன்றும் எங்கே காலை வாரும் என்று தெரிந்துகொள்வது நல்லது. ஏ.கே.யில் ஆரம்பிக்கலாம். வலப்பக்கத்து நீளத் தகடுதான் சேஃப்டி. மேலே இருந்தால் பூட்டு, நடுவில் தொடர் சூடு, அடியில் ஒவ்வொன்றாக. பதற்றத்தில் அழுத்துகிறவன் கை அடிவரை போய் ஒற்றைச் சூட்டில் நிற்கும். அது நல்லதே. மெதுவாகத் தள்ளினால் நடுவில் நின்றுவிடும், அப்போது விசையை இழுத்தவுடன் குழல் மேலே ஏறும், இரண்டாவது மூன்றாவது குண்டு முன்னால் தடம் பார்த்து நடக்கும் டிராக்கரின் தலைக்கு மேல் போனால் அதிர்ஷ்டம். தகடு மேலே இருக்கும்போது போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் பாகம்) கைப்பிடியை முழுக்கப் பின்னுக்கு இழுக்க முடியாது. குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில் தோட்டா இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும் அளவுக்குத்தான் வரும். அறை காலியாக நடக்கிறவர் முதலில் தகட்டை இறக்கி, பிறகு போல்ட்டை இழுத்துவிட்டு, அப்புறம்தான் குறி பார்க்க முடியும். இந்த வரிசை மாறினால் போல்ட் பாதியில் முட்டி நிற்கும்.

எஸ்.கே.எஸ். பார்க்கச் சாது. உள்ளே அடிக்கும் ஊசி ஸ்பிரிங் இல்லாமல் சும்மா ஆடும் வகை. போல்ட்டுக்குள் பழைய கிடங்குக் கிரீசோ, எண்ணெய் கலந்த தூசியோ இறுகினால் ஊசி முன்னால் நீட்டியபடி சிக்கிக்கொள்ளும். போல்ட் மூடும்போதே தோட்டா வெடிக்கும், விசையைத் தொடவே வேண்டாம். சில நேரம் மேகசின் தீரும்வரை தொடர்ந்து வெடிக்கும். இதைச் சோதிப்பது சுலபம்: போல்ட்டைக் கழற்றிக் காதருகே குலுக்கினால் ஊசி உள்ளே கடகட என்று ஆடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அந்தத் துப்பாக்கியில் தோட்டா ஏற்றவே கூடாது. இன்னொரு பொறி: அடியில் உள்ள பத்துத் தோட்டா மேகசினின் மூடியைத் திறந்தால் எல்லாம் கையில் கொட்டிவிடும், காலி என்று தோன்றும். ஏற்கெனவே அறைக்குள் போன தோட்டா அங்கேயேதான் இருக்கும். அதன் சேஃப்டி விசையை மட்டுமே தடுக்கிறது, வேறெதையும் தடுக்காது.

லீ-என்ஃபீல்டின் குறை தோட்டாவிலிருந்து வருகிறது. .303 தோட்டாவின் அடியில் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேலே உள்ள தோட்டாவின் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போய்விட்டால் போல்ட் தள்ளும்போது இரண்டும் கோத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடும். அவசரத்தில் ஒவ்வொன்றாகப் போடுகிறவருக்கு நடப்பது இதுதான். குண்டின் விஷயம் இன்னும் மோசம். 1910இல் வந்த ஏழாம் மார்க் குண்டின் முனைக்குள் ஈயம் இல்லை, அலுமினியம் மாதிரி இலேசான பொருள்தான். கனம் முழுக்க வாலில். மனிதனுக்கு எதிராகப் புரண்டு புண்ணாக்க அது போதும். எருமைத் தோளுக்குள் அதே புரளல்தான் குண்டை நிறுத்திவிடுகிறது. அந்தக் காலத்து ஆட்கள் .303ஆல் பெரிய விலங்கு சுட்டார்கள் என்றால் அது அதற்கு முந்தைய 215 கிரெயின் மழுங்கு முனைக் குண்டு. பெட்டியில் எது இருக்கிறது என்று பார்க்காமல் பேர் மட்டும் சொல்லிப் பயனில்லை.

ஃபாலில், போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளும் கேஸ் (வெடிவாயு) அளவைத் திருகிச் சரிசெய்யும் வளையம் உண்டு. தூசி ஏறி, தோட்டாவும் பழையதாக இருந்தால் போல்ட் முழுக்கப் பின்னுக்குப் போகாது, வெற்றுக்கூடு வாயில் சிக்கும். அப்போது வளையத்தைத் திருகி கேஸைக் கூட்ட வேண்டும். பலர் அதைத் தொடுவதே இல்லை. மேகசினிலும் ஒரு வம்பு: பிரிட்டிஷ் அங்குல அளவு மேகசின் மெட்ரிக் அளவு ஃபாலில் உட்காராது. இரண்டு வகையும் ஒரே கிடங்கில் கலந்து கிடந்தால், கிளம்பும் முன் மேகசினை மாட்டிப் பார்த்துவிட வேண்டும், காட்டில் அல்ல.

பெரிய போல்ட் துப்பாக்கிகளில் அதிகம் கவனிக்க வேண்டியது 602இன் சேஃப்டி. மற்ற துப்பாக்கிகளில் முன்னால் தள்ளினால் சுடத் தயார். 602இல் முன்னால் தள்ளினால் பூட்டு, பின்னால் இழுத்தால் சுடும். அதே ஆலையின் பிந்தைய சி.இசட். 550இல் வழக்கம்போல முன்னால்தான் சுடும். கம்பெனித் துப்பாக்கி 550, ஸ்கவுட்டுடையது 602 என்று ஒரே கூடாரத்தில் இருந்து, ஒருத்தர் மற்றவருடையதை எடுத்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சேஃப்டி போட்டுவிட்டேன் என்று நினைத்துத் திறந்துவிடுவதுதான் இரண்டில் மோசமானது.

கொக்கி வைத்த மௌசர் வகைப் போல்ட் தோட்டாவை மேகசினிலிருந்தே கவ்வி எடுத்துப் போகும், துப்பாக்கி தலைகீழாக இருந்தாலும் விடாது. பெரிய விலங்குக்கு இதை விரும்புவது அதனால்தான். ஆனால் தோட்டாவைக் கையால் அறைக்குள் போட்டு போல்ட்டை அடித்து மூடினால் பல துப்பாக்கிகளில் கொக்கி அடிபட்டு உடையும். மேகசினில் அமுக்கி அங்கிருந்து ஏற்றுவதே முறை.

.458இன் பழைய தோட்டாக்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சின்னக் கூட்டுக்குள் வெடிமருந்தை அமுக்கி நிரப்பியதால் ஆரம்பக் காலத்துத் தோட்டாக்களில் மருந்து கட்டி தட்டிப்போய், வேகம் குறைந்து, சில சமயம் சரியாகப் பற்றாமலே போனது. ஜாக் லாட் 1971இல் கூட்டை நீட்டி .458 லாட் செய்ததற்கு இந்தப் பேச்சும் ஒரு காரணம். லாட் துப்பாக்கியில் வின்செஸ்டர் தோட்டா ஏறும், சுடவும் சுடும். வின்செஸ்டர் துப்பாக்கியில் லாட் ஏறாது. விருந்தாளி ஊருக்குப் போகும்போது மிச்சத் தோட்டாவை ஸ்கவுட்டிடம் கொடுத்துவிட்டுப் போகும் பழக்கம் உள்ள இடங்களில், பெட்டியின் மேல் எழுதியதைப் படிக்காமல் வாங்கிப் பையில் போட்டால் பத்துத் தோட்டாவும் கல்லுக்குச் சமம்.

தோட்டா விஷயத்தில்தான் உண்மையான பலவீனம் இருக்கிறது. ஸ்கவுட்டுக்குக் கொடுப்பது எண்ணிக் கொடுத்த தோட்டா, பெரிய துப்பாக்கி என்றால் விரல்விட்டு எண்ணும் அளவுதான். சுட்டதற்குக் கணக்குக் காட்ட வேண்டும், ஆகவே பயிற்சிக்குச் செலவழிக்க முடியாது. பயிற்சி இல்லாதவன் .458ஐச் சுட்டால் உதை பன்னிரண்டு போரின் இரண்டு மடங்குக்கும் மேல். ஒருமுறை வாங்கியவன் அடுத்த முறை விசையைத் தொடும்போதே கண்ணை மூடிவிடுவான். அதே ஐந்து தோட்டாவைத் தினம் காலையில் ஏற்றி மாலையில் இறக்குவார்கள். ஈயமுனை நசுங்கும், சிலதில் குண்டு கூட்டுக்குள் அமுங்கிப்போகும். தோல் பெல்ட்டின் வளையத்தில் மாதக்கணக்கில் செருகி வைத்தால், தோலைப் பதப்படுத்திய சரக்கு பித்தளையை அரித்துப் பச்சைக் களிம்பு பிடிக்கும். அப்படிப்பட்ட தோட்டா அறைக்குள் பாதி போய் நிற்கும். களிம்பைத் துடைத்துவிட்டுப் போடலாம் என்பது தப்பு, பித்தளை குழிந்திருந்தால் ஒதுக்கிவிட வேண்டியதுதான். ஈயமுனைக் குண்டும் முழுக் கவசக் குண்டும் கலந்திருந்தால் அதையும் பிரித்து வைக்க வேண்டும். யானைக்கும் நீர்யானைக்கும் கவசக் குண்டுதான், வேறு பேச்சில்லை.

பராமரிப்பில் நமக்கும் அவர்களுக்கும் நேர் எதிர்ப் பிரச்சினை. பேராக் ஈரத்தில் துப்பாக்கியை எண்ணெயில் ஊறவைத்தால்தான் துருவிலிருந்து தப்பும். அங்கே வறட்சிக் காலத்தில் அதே மாதிரி எண்ணெய் போட்டால் மெல்லிய தூசி அதில் ஒட்டி அரைக்கும் பசையாகிவிடும். துணியால் அழுந்தத் துடைத்து, போல்ட்டின் தாழ்களில் மட்டும் ஒரு சொட்டு, அவ்வளவுதான். பழைய ராணுவத் தோட்டாக்களில் பற்றுமருந்து வெடித்த பின் உப்பு மிஞ்சும். அந்த உப்பு எண்ணெயில் கரையாது, காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக் குழலைத் தின்றுவிடும். சுட்ட அன்றைக்கே வெந்நீர் ஊற்றிக் கழுவி, காயவைத்து, பிறகு எண்ணெய் தடவ வேண்டும். ஏ.கே., எஸ்.கே.எஸ். என்றால் குழல் மட்டும் போதாது, கேஸ் குழாயையும் பிஸ்டனையும் சேர்த்துக் கழுவ வேண்டும். மறப்பது அங்கேதான்.

நடக்கும்போது வரிசை பெரும்பாலும் இப்படி: முன்னால் டிராக்கர், அடுத்து பி.எச்., அடுத்து விருந்தாளி, பின்னால் உதவியாள், கடைசியில் ஸ்கவுட். ஆக, அவர் துப்பாக்கிக்கு முன்னால் எல்லோர் முதுகும் இருக்கிறது. குழல் வாயைக் கையில் பிடித்துக் கட்டையைப் பின்னால் விட்டுத் தோளில் சாய்த்துப் போகும் ஆப்பிரிக்கப் பழக்கம் களைப்புக்கு நல்லது, முன்னால் போகிறவருக்கு நல்லதில்லை. கடைசி ஆள் அறை காலியாக நடக்க வேண்டும் என்று பி.எச். வற்புறுத்துவது நியாயம். மேகசின் மாட்டியிருக்கட்டும், அறை காலி, சேஃப்டி பூட்டு. வாரில் தொங்கும்போது குழல் வானத்தையோ தரையையோ பார்க்கட்டும், தரை என்றால் வாயில் சேறு அடையாமல் ஒரு துண்டு டேப் ஒட்டினால் போதும், சுடும்போது அதுவே பிய்ந்து போய்விடும். சேறு அடைத்த குழலில் சுட்டால் குழல் வீங்கும், இல்லையென்றால் வெடிக்கும்.

அறை காலி என்றால் பாய்ச்சல் வரும்போது நேரம் போதுமா? போதாது. யானை மணிக்கு 40 கிலோமீட்டர் ஓடும், அதாவது வினாடிக்குப் பதினோரு மீட்டர். முப்பது மீட்டரில் கிளம்பினால் மூன்று வினாடிக்குள் வந்துவிடும். எருமை இன்னும் வேகம், இரண்டு வினாடி. தகட்டை இறக்கி, போல்ட்டை இழுத்து, குறி பார்ப்பதற்குள் முன்னால் இருக்கும் இரண்டு பேர் குறுக்கே வந்துவிடுவார்கள். வீடியோவில் அவர் “சும்மா” நிற்பதற்குக் காரணம் இதுதான், அது சரியும்கூட. காயம்பட்ட எருமையை நெடும்புல்லுக்குள் தேடும்போது ஸ்கவுட் செய்ய வேண்டியது பக்கவாட்டையும் பின்பக்கத்தையும் கண்ணால் பார்ப்பது, எருமை சுற்றி வந்து பின்னால் நிற்பது உண்டு. அந்த நேரம் மட்டும் பி.எச். சொன்னால் அறையை நிரப்பலாம், வாரைக் கழற்றி வைக்கலாம், புல்லில் மாட்டாது. பெரிய போல்ட் துப்பாக்கி கையில் இருந்தால் அவரைப் பி.எச்.சின் பக்கத்தில் நிறுத்துவது வேறு கணக்கு, அப்போது அவர் துப்பாக்கிக்கு அர்த்தம் இருக்கிறது.

நம் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானோடு ஒப்பிட்டுக் கேட்பவர்களுக்கு ஒரு வரி. 1974இலிருந்து இங்கே செம்பனைக்குள் வரும் யானையை மயக்க ஊசி போட்டுப் பிடித்து வேறு காட்டில் விடும் பிரிவு இருக்கிறது. 2019இல் தொடங்கிய கசானா நடவடிக்கையில் போலீசாரோடு சேர்ந்து காட்டில் ரோந்து போகிறார்கள். காசு கட்டி யானை சுட வரும் விருந்தாளி இங்கே கிடையாது, ஆகவே அவர் பின்னால் நடக்கும் ஸ்கவுட்டும் கிடையாது.

அங்கே போகும் வாய்ப்பு வந்தவர்கள் முதல் நாள் கூடாரத்தில் செய்ய வேண்டியது இதுதான். ஸ்கவுட்டிடம் மரியாதையாகக் கேளுங்கள், அவர் அரசாங்க ஆள், கம்பெனி வேலையாளிடம் பேசுவது போலப் பேசக்கூடாது. மேகசினை அவரே கழற்றி, அறையைத் திறந்து காட்டட்டும். எஸ்.கே.எஸ். என்றால் ஊசி ஆடுகிறதா பாருங்கள். குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள், குளவி மண் கூடு கட்டியிருப்பது நடக்காத விஷயம் இல்லை. முன்குறி ஆடுகிறதா, சேஃப்டி எந்தப் பக்கம் போனால் சுடும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கூட்டத்தில் எல்லோரும் சுட்டுப் பார்க்கும் நேரத்தில் அவரும் ஐம்பது மீட்டரில் இரண்டு மூன்று சுட அனுமதி உண்டா என்று பி.எச். மூலம் கேட்கலாம். அனுமதி இருந்தால், சுட்ட எண்ணிக்கையை அங்கேயே எழுதிப் பி.எச். கையெழுத்துப் போட்டால் அவருக்குக் கிடங்கில் வம்பு வராது.

காட்டில் அவர் சுட நேர்ந்துவிட்டால் அந்த எழுத்து வேலை இன்னும் முக்கியம். எந்த இடம், எத்தனை மணி, எதை நோக்கி, எத்தனை தோட்டா என்று அன்று மாலையே எழுத வேண்டும். வெற்றுக்கூடுகளையும் பொறுக்கிக் கொடுத்துவிடுங்கள், அவருக்கு அதுதான் அத்தாட்சி. ஏ.கே. கூட்டை வலப்பக்கம் முன்னால் பல மீட்டர் தள்ளி எறியும், அவர் நின்ற இடத்தில் காலடியில் தேடினால் கிடைக்காது.